அந்தத் தேவதத்தனும் இந்த எஞ்சினும்

எப்போதோ ஓர் ஊரில் கண்ட தேவதத்தனைப் பல ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் காணும் ஒருவன், 'அந்தத் தேவதத்தனே இவன்' என்று சொன்னால், 'அந்த' என்பது சுட்டும் இடமும் காலமும் 'இவன்' என்பது சுட்டும் இடத்தோடும் காலத்தோடும் முரண்படுகின்றனவே என்று மயங்காமல், முரண்படும் அம்சங்களைத் தள்ளி, எஞ்சிய ஆளை மட்டும் பொருளாகக் கொள்ளவேண்டும் என்பது வேதாந்திகளின் தீர்ப்பு. பௌத்தர்கள் இதற்கு இசையவில்லை. மழித்த தலையில் மறுபடி முளைத்த மயிரையும், கணந்தோறும் புதிதாகும் தீபச் சுடரையும் காட்டி, ஒப்புமையை ஒருமை என்று மயங்குவதே பிரத்தியபிக்ஞை எனப்படும் அந்த அறிவு என்று அவர்கள் வாதித்தார்கள். இந்தப் பழைய வழக்கைத் தேவதத்தனை வைத்து விசாரிப்பதைக் காட்டிலும், பந்தயப் படகுகளில் உழைத்து ஓய்ந்த பழைய எஞ்சின் ஒன்றை வைத்து விசாரிப்பது எனக்குச் சுவையாகத் தோன்றுகிறது. தேவதத்தனுக்கு முகம் உண்டு. எஞ்சினுக்கு அது கிடையாது.

அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் இறங்கி இரண்டு மாதங்கூட ஆகாத நிலையில், 1917 மே மாத இறுதியில், வாஷிங்டனில் வில்லார்டு ஹோட்டல் அறையொன்றில் வின்சென்ட், ஹால் என்னும் இரு பொறியாளர்கள் சில நாட்களுக்குள் வரைந்து முடித்த விமான எஞ்சினுக்கு லிபர்ட்டி என்று பெயர். 12 சிலிண்டர், 27 லிட்டர், 400 குதிரைசக்தி. பாக்கார்டு, ஃபோர்டு, லிங்கன், மார்மன் முதலிய பல தொழிற்சாலைகள் அதைச் செய்தன. ஒரு சாலையில் கடைந்த பிஸ்டன் இன்னொரு சாலையின் எஞ்சினில் தடையின்றிப் பொருந்தவேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. ஒரே இனத்து அணுக்கள் எல்லா வகையிலும் ஒத்திருப்பினும், ஒன்றை மற்றொன்றினின்று பிரிப்பதற்கு 'விசேஷம்' என்றொரு பதார்த்தத்தை ஒப்புக்கொண்டே தீரவேண்டும் என்றது கணாதரின் வைசேஷிக தரிசனம். லிபர்ட்டியைச் சமைத்தவர்களோ விசேஷமே இல்லாத வஸ்துவை உண்டாக்க முயன்று, அனேகமாக வெற்றியும் கண்டார்கள். 20,000-க்கும் மேற்பட்ட எஞ்சின்களில் இது எது என்று சொல்ல, உலோகத்தில் அடித்த எண் ஒன்றுதான் துணை.

யுத்தம் ஓய்ந்ததும் இவை சர்க்காருக்கு வேண்டாத சரக்காயின. லாரியின் சுமைத் தொட்டியைத் தூக்கிச் சாய்க்கும் கருவியை அமைத்துப் பொருளீட்டியவரான கார் வுட் அவற்றை வாங்கிப் படகுக்கு ஏற்றபடி மாற்றினார். லிபர்ட்டி இரண்டைப் பூட்டிய அவருடைய 'மிஸ் அமெரிக்கா' 1920-இல் இங்கிலாந்தின் வைட் தீவுக் கரையோரம் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையை வென்றது. மறு ஆண்டே நான்கு பூட்டிய படகொன்று மணிக்கு 80 மைலைத் தாண்டிற்று. மதுவிலக்குக் காலத்தில் சாராயம் கடத்தியவர்களும் இதே எஞ்சினை நாடினார்கள். சர்க்கார் செலவில் பிறந்தது சர்க்காரிடமிருந்து தப்பி ஓட உதவிற்று என்பதில் அதற்கு ஒரு வருத்தமும் இருந்திராது! பின்னர் பிரிட்டிஷ் டாங்கிகளுக்குள்ளும் இந்த இனம் புகுந்தது. ஆன்மா உடல்களைச் சட்டைபோல் மாற்றுவதாகக் கீதை சொல்கிறது. இங்கே சட்டை அப்படியே இருக்க, அதை அணிந்தவர்களே மாறிக்கொண்டிருந்தார்கள்.

இனி, கொட்டகை மூலையில் கிடக்கும் எஞ்சின் ஒன்றை அடையாளம் காண வந்தவனைப் பார்ப்போம். சிலிண்டர் வரிசைகள் இரண்டும் 45 பாகைக் கோணத்தில் நெருங்கி நிற்கின்றனவா என்று முதலில் நோக்குகிறான். அக்காலத்து மற்ற எஞ்சின்கள் பலவற்றில் அது 60 பாகை. சிலிண்டர்கள் தனித்தனியாக, எஃகுத் தகட்டு உறை பற்றவைக்கப்பட்டு நிற்கின்றன. லிபர்ட்டிதான். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிசுக்கைத் துடைத்து எண்ணையும் படித்துவிடுகிறான். ஆயினும் அவன் விரல்கள் அங்கே நிற்பதில்லை. ரேடியேட்டருக்குப் போன நீர்க்குழாய் அறுபட்டு, ஏரியிலிருந்தே நீரை இழுக்கும் பம்பு பொருத்திய இடம். கிராங்க் கேஸின் பக்கத்தில், படகின் மரச்சட்டத்தில் இருத்துவதற்காக யாரோ கைத்துரப்பணத்தால் சற்றே கோணலாகப் போட்ட நான்கு துளைகள். நீருறையின் ஓரத்தில் துருவின் தடிப்பு. இவை எந்த வரைபடத்திலும் கிடையா; 20,000-இல் வேறு ஒன்றிலும் இதே வடிவில் கிடையா. விசேஷம் பிறப்பில் வாய்க்கவில்லையெனினும், கர்மத்தால் வாய்த்துவிட்டது. பிஸ்டன்கள் மூன்று முறை மாறியிருக்கலாம்; பௌத்தரின் முளைத்த மயிர் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் துளை முளைத்ததன்று, செய்யப்பட்டது; செய்தவன் ஒருவன், செய்த நாளும் ஒன்று.

ஆகவேதான் பழுதுபார்ப்பவர்களில் ஒரு சாராரோடு எனக்குப் பிணக்கு. எஞ்சினை மறுபடி ஓடச் செய்யவேண்டும், படகிலேயே பூட்டவேண்டும் என்பவர்களைக் குறித்து எனக்குக் குறையில்லை. உழைப்பது அதன் ஸ்வதர்மம். 1918-இல் தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்துக்கே அதைத் திருப்புவேன் என்று விரதம் பூணுகிறவர்களே என்னைச் சங்கடப்படுத்துகிறார்கள். பம்பைக் கழற்றி எறிகிறார்கள், துருவைச் சுரண்டுகிறார்கள், கோணல் துளைகளில் அலுமினியம் இட்டு நிரப்பி, அரத்தால் ராவி, விரலுக்கும் தட்டுப்படாமல் செய்கிறார்கள். கர்மம் முழுவதும் நீங்கிய நிலைக்கு நம் பெரியோர் வைத்த பெயரும் விடுதலைதான் என்று யாரேனும் லிபர்ட்டியின் பெயரைக் காட்டி என்னை மடக்கலாம். அதற்கு நான் சிரிப்பேனேயன்றி இணங்கமாட்டேன், ஏனெனில் இங்கே விடுதலையை வேண்டியது எஞ்சின் அல்ல, அதன் விலையைக் கணக்கிடுகிறவன். வேலை முடிந்து, புது வர்ணம் உலர்ந்த பின், அவன் எண்ணைத் தொட்டுக்காட்டி, 'அந்த எஞ்சினே இது' என்கிறான். எந்த எஞ்சின் என்று கேட்டால் மறுபடியும் எண்ணையே காட்டுகிறான்.