கிணறு எண் 17

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே என் மாமாவுக்கு ஒரு கிணறு இருக்கிறது. அதன் சுவரில் சிவப்புப் பெயிண்டில் 17 என்று எழுதியிருக்கும். நான் பன்னிரண்டாவது படித்தபோது ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் எழுதியது. கூட ஒரு வெளிநாட்டுக்காரரும் வந்திருந்தார். பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள், மண் எடுத்தார்கள், அத்தை கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

"நீ கம்ப்யூட்டர்லதான இருக்கற, அந்த ரிசல்ட்டு இன்னா ஆச்சுன்னு பாத்துச் சொல்லேன்பா" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமா கேட்பார். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆனால் வேறொரு கேள்வி ஒட்டிக்கொண்டது. ஒருவருடைய கஷ்டத்தை அளந்தவர், அவருக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறாரா?

அளப்பது வீண் என்று சொல்ல வரவில்லை. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அந்த எண், வேலூரில் இருந்த தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு. யாரோ சிலர் வயல் வயலாக நடந்திருக்கிறார்கள். மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. நாடெங்கும் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

இருந்தும், 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் இழப்பீடு கொடு, குழு அமை என்று உத்தரவிட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருடங்கள். ஒரு தலைமுறையே வளர்ந்து, தென்னையை விட்டுவிட்டு ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டது.

என் வேலையில் இதை நான் தினமும் பார்க்கிறேன். சர்வர் திணறினால் திரையில் சிவப்பு விளக்கு எரியும். அது எரிவதை எல்லோரும் பார்த்தாயிற்று என்பதற்காகப் பிரச்சினை தீர்ந்துவிடாது. யாராவது ஒருவர் பெயருக்கு அது போய்ச் சேர வேண்டும்.

ஆராய்ச்சி செய்யும் நண்பனிடம் கேட்டேன். "உண்மையக் கண்டுபிடிக்கிறதுதான்டா எங்க வேலை. சரிபண்றதும் எங்க தலையிலதான்னா, நாளைக்கு எவனும் பாட்டில எடுத்துக்கிட்டு ஃபீல்டுக்கே போக மாட்டான்" என்றான். நியாயமான பதில்தான். ஆனால் இதே வேலூரில் வேறொரு கதையும் இருக்கிறது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸுக்கு எதிராக இந்தியாவில் உருவான ரோட்டாவேக் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. வேலூரில் செய்தது சிஎம்சி. உள்நாட்டு நிறுவனங்களும் வெளிநாட்டு நிறுவனங்களும் கைகோத்த வேலை. 2016இல் ரோட்டா தடுப்பூசி தேசியத் திட்டத்துக்குள் வந்தது. ஏழைக் குழந்தைகளிடம் கற்றது, மருந்தாக ஏழைக் குழந்தைகளுக்கே திரும்பியது.

அப்போது ஒரே மாவட்டம், ஒரே விஞ்ஞானம். அங்கே திரும்பி வந்தது இங்கே ஏன் வரவில்லை? ரோட்டா வைரஸுக்கு முதலாளி கிடையாது. அது செத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கிணற்று உப்பு அப்படியல்ல. தோல் அழுகாமலிருக்க உப்பைத் தடவுகிறார்கள், ஊறவைத்துக் கழுவும்போது அது தண்ணீரோடு போகிறது. குரோமியத்தையாவது பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். உப்பைப் பிரிப்பது பெரிய செலவு, பிரித்தாலும் கடைசியில் குவியலாக மிஞ்சும். அந்தச் செலவு யாருடையது என்பதற்கு எந்த லேபிலும் விடை கிடையாது.

இன்னொன்று. தோல் பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்பது 2015 முதல் ஐரோப்பாவில் சட்டம். அங்கே ஷூ போடுகிறவரின் தோலுக்கு ஒவ்வாமை வரக் கூடாதே. தேவையான சட்டம்தான். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்று நம்மிடமும் விதி உண்டு. ஆனால் அங்கே அளவு மீறினால் சரக்கு நிற்கும், அதனால் எல்லோரும் ஓடுவார்கள். இங்கே கிணற்றில் அளவு மீறினால் என்ன நிற்கும்?

இதையெல்லாம் எழுத எனக்கு அருகதை உண்டா என்றும் தோன்றுகிறது. என் அப்பா ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதியவர். என் நாலு வருட எஞ்சினியரிங் ஃபீஸ் அங்கிருந்து வந்ததுதான். "கம்பெனி இல்லன்னா நீ இல்லடா" என்பார். பொய்யில்லை. மாமா கிணற்றின் உப்பில் ஒரு பங்கு என் டிகிரியிலும் இருக்கிறது. கடன் அளந்தவருக்கு மட்டுமில்லை, அதனால் வளர்ந்தவனுக்கும்தான்.

போன பொங்கலுக்கு ஒரு சின்ன டிடிஎஸ் மீட்டர் வாங்கிப் போய்க் கிணற்றுத் தண்ணீரில் விட்டேன். எண்ணைச் சொன்னேன். 500க்குள் இருந்தால் நல்ல தண்ணீர், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை குடிக்கலாம், இது அதற்கும் மேலே என்று விளக்கினேன்.

மாமா பொறுமையாகக் கேட்டார். "இது என் நாக்குக்கே தெரியும்பா. யாருகிட்ட போய்ச் சொல்லணும்னு அதச் சொல்லு."

அத்தை மோர் கொண்டுவந்தார். குடித்தேன்.