கற்பனையும் எட்டாம் கற்பனையும்



மன்னார் வேதசாட்சிகளைப் பற்றி நாவல் எழுத விரும்பும் இளைஞர் ஒருவர் அண்மையில் எம்மைக் காண வந்தார். “சுவாமி, அவர்கள் பேசாததைப் பேசியதாக எழுதினால் பொய் சொன்ன பாவம் வருமா?” என்று கேட்டார். சிரித்து அனுப்பிவிடக் கூடிய கேள்வியன்று. பத்துக் கற்பனைகளில் எட்டாவது பொய்ச்சாட்சியை விலக்குகிறது. கதை புனைவதையும் நாம் கற்பனை என்றே சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் வாய்த்தது வேடிக்கைதான்.

நடந்ததை முதலிற் பாருங்கள். 1544இல், புனித சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள், யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். 600 பேர் என்பாரும் 700 பேர் என்பாரும் உளர். சவேரியார் தமது கடிதத்தில் இதைச் சுருக்கமாகவே குறிப்பிட்டார். யேசுசபைக் குருவான கேறோஸ் 1687இல் முடித்த நூலும், ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின் எழுந்தவை. உயிர் கொடுத்தவர்களுட் பெரும்பாலானோரின் பெயர்கூட எமக்கு வந்து சேரவில்லை.

அப்படியானால் நாவலாசிரியன் எதைக் கொண்டு எழுதுவான்? சிறு விடயங்களிலேயே கால் இடறும். எமது இளைஞரின் முதல் அதிகாரத்தில் ஒரு தாய் மிளகாய் அரைக்கிறாள். மிளகாயோ அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் மூலம் கீழைநாடுகளுக்கு வந்த பொருள். அன்றைய மன்னார் அடுக்களையில் மிளகுதான் இருந்திருக்கும். மகன் கோட்டையருகே வலை காயவைக்கிறான். கோட்டை எழுந்தது 1560இல். இருவரும் மடு மாதாவை மன்றாடுகிறார்கள். திருச்சுரூபம் மாந்தையிலிருந்து மருதமடுவுக்குச் சென்றதோ 1670இல்! இவற்றைச் சிவப்பு மையினாற் திருத்திவிடலாம்.

திருத்த முடியாதது அரசனின் உள்ளம். கட்டளையிடும் இரவில் சங்கிலி இரத்தவெறி கொண்டு நகைப்பதாக அவர் எழுதியிருந்தார். அதை அவருக்கு யார் சொன்னார்கள்? முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானத்தோடு போர்த்துக்கேயரின் பாதுகாப்பையும் பெற்றிருந்தனர். தன் குடிகள் அந்நிய மன்னனின் குடிகளாகிவிடுவர் என்ற அச்சம் அவனுக்கு இருந்திருக்கலாம். கொலை கொலைதான், நியாயப்படுத்த நாம் வரவில்லை. எனினும் கொன்றவனுக்கும் எட்டாம் கற்பனையின் பாதுகாப்பு உண்டு. செத்தவன் எழுந்து வந்து மறுப்பு எழுதமாட்டான் என்பதற்காக எதையும் சொல்லலாமா?

எமது அயலவர் பலருக்குச் சங்கிலி அந்நியரை எதிர்த்த தமிழ் வேந்தன். (1619இல் போர்த்துக்கேயரிடம் தோற்றவன் வேறொரு சங்கிலி. இருவரையும் ஒருவராக்குவது பழைய நோய்.) அவனை வீரனாக்குவோர் சிலர் அறுநூறு பேரையும் ஓசையின்றி மறந்துவிடுகிறார்கள். நாமோ அவனைப் பேயாக்கிவிட்டு, அதைப் பக்தி என்று எண்ணிக்கொள்கிறோம். இரு பக்கமும் பொய்ச்சாட்சிதான்.

இத்தாலியக் கத்தோலிக்கரான மன்சோனி இச்சிக்கலில் நெடுங்காலம் உழன்றவர். 1630இல் மிலான் நகரை வாட்டிய கொள்ளைநோயை வைத்து அவர் எழுதிய நாவல் 1827இல் வெளிவந்தது. காதலர் இருவரும் கற்பனை. கர்தினால் பொரோமேயோ உண்மை மனிதர். எது நடந்தது, எது புனைந்தது என்று பிரித்துக் காட்டினால் கதை உடைகிறது, காட்டாவிட்டால் வாசகன் ஏமாறுகிறான் என்று அவர் கண்டார். 1850இல் வெளியிட்ட கட்டுரையில் சரித்திர நாவல் என்ற வகையையே குறைகூறினார். இவ்வளவு தூரம் போக எமக்கு மனமில்லை. பெயரற்றுப் போன அந்த மக்களுக்கு ஒரு முகமும் குரலும் கொடுக்க நாவலைவிட்டால் வேறு வழி ஏது?

ஆகவே, அந்தத் தாய் பேசட்டும், அழட்டும் என்றோம். அவள் அவருடைய படைப்பு, எவர்மீதும் பழி விழாது. பெயருள்ள அரசன் விடயத்தில் மட்டும், அவன் செய்ததை எழுதி, நினைத்ததை எழுதுமுன் அவன் பக்கத்திலும் ஒரு கணம் நின்று பார்க்கும்படி கேட்டுக்கொண்டோம். இளைஞருக்கு முகம் வாடிவிட்டது. அந்த அதிகாரந்தான் மிக நன்றாக வந்திருப்பதாக நண்பர்கள் சொன்னார்களாம்.

சென்ற வாரம் மீண்டும் வந்தார். மிளகாய் மிளகாகிவிட்டது; கோட்டையும் மறைந்துவிட்டது. அரசனின் இரவை நான்காம் முறையாக எழுதிக்கொண்டிருக்கிறாராம்.