தூரத்தே பின்தொடர்ந்த சீடர்



கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் பிடிபட்ட இரவில் சீடர்கள் சிதறி ஓடினார்கள். இராயப்பரோ முற்றாக ஓடிவிடவில்லை. அவர் ஆண்டவரைப் பின்தொடர்ந்தார். ஆனால் தூரத்தே பின்தொடர்ந்தார். மத்தேயு, மாற்கு, லூக்காஸ் ஆகிய மூவரும் இந்தத் தூரத்தை மறவாமல் குறித்து வைத்திருக்கிறார்கள். அவர் முற்றத்தினுள் சென்று காவலரோடு அமர்ந்ததற்கு மத்தேயு ஒரு காரணமும் கூறுகிறார்: முடிவு என்னவாகும் என்று பார்ப்பதற்காக.

சில மணி நேரத்திற்கு முன்னர், சிறைக்கும் சாவுக்கும் உம்மோடு வரத் தயார் என்று வாக்களித்தவர் இவர். இப்பொழுதோ, முடிவைப் பார்க்க வந்த பார்வையாளர் ஆகிவிட்டார். அவருக்கு ஆண்டவர்மேல் அன்பு இல்லாமற் போகவில்லை. அன்பு இல்லையென்றால் அவர் அந்த முற்றம்வரை வந்தே இருக்கமாட்டார். விட்டுவிடவும் மனமில்லை, ஒட்டி நிற்கவும் துணிவில்லை. இந்த இரண்டுங்கெட்ட நிலையில்தான் அவர் குளிருக்கு இதமாகப் பகைவர் மூட்டிய நெருப்பைத் தேடிப் போனார். ஆண்டவரை விட்டு விலகி நிற்பவன் எங்காவது வேறோர் இடத்தில் குளிர்காயத்தானே வேண்டும்? அங்கே ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கே அவர் தடுமாறிவிட்டார். மறுதலிப்பு அவர் நாவில் பிறந்தது சேவல் கூவுமுன். அதற்கான வழி திறந்ததோ அவர் பின்தங்கி நடந்த அந்தப் பாதையில்.

இந்தத் தூரம் நமக்குப் புதியதன்று. ஞாயிறு திருப்பலி தொடங்கிய பின்பு வந்து, கோவில் விறாந்தையிலும் மரநிழலிலும் நின்று, நற்கருணை முடிந்ததும் புறப்பட்டுவிடுவோரை எல்லாப் பங்குகளிலும் காணலாம். ஞானஸ்நானம், கலியாணம், மரணவீடு, திருவிழா என்ற நாலு சந்தர்ப்பங்களுக்கு மட்டும் கோவில் வாசலை மிதிப்போரும் உளர். ஆனால் அவர்களைச் சுட்டிக்காட்டிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. கோவிலின் முதல் வாங்கில் இருந்துகொண்டே தூரத்தே நிற்பவர்களும் உண்டு. வீட்டில் மாலை தவறாமல் செபமாலை சொல்கிறோம்; சீதனப் பேச்சு தொடங்கியதும் கிறிஸ்துவை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். ஒரே அப்பத்தை உண்கிறோம். சாதி என்றதும் பந்தியைப் பிரிக்கிறோம். காணி எல்லைக்காகக் கூடப்பிறந்தவனோடு பல வருடங்களாகப் பேசாமல் இருந்துகொண்டு, சமாதானம் பகிரும் நேரத்தில் பக்கத்தில் நிற்கும் அந்நியனுக்குக் கைகூப்புகிறோம். ஆண்டவருக்கு எல்லாவற்றையும் கொடுத்தோம், இந்த ஒன்றைத் தவிர. அந்த ஒன்றே நமக்கும் அவருக்கும் இடையே உள்ள தூரம்.

கரைவலை இழுக்கும் கரையோர மக்களுக்கு இது எளிதில் விளங்கும். கயிற்றில் கை வைத்து நிற்பவன் வேறு. காலை மணலில் ஊன்றி, உடற்பாரம் முழுவதையும் கொடுத்து இழுப்பவன் வேறு. தூர நின்று பார்ப்பவனுக்கு இருவரும் ஒன்றுபோலவே தோன்றுவார்கள். பக்கத்தில் இழுப்பவனுக்கு மட்டும் வேற்றுமை தெரியும். ஏனெனில் மற்றவன் விட்ட பாரம் அவன் தோளில்தான் விழுகிறது. நாம் ஒதுங்கி நிற்கும்போதும் அந்தப் பாரத்தை யாரோ ஒருவர் நமக்காகச் சுமக்கிறார்.

முழு மனத்தோடு ஒட்டி நிற்பது எத்தகையது என்பதை நம் மண்ணே கண்டிருக்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே இடமிருக்கவில்லை. புனித யோசப் வாஸ் அடிகளார் கோவாவில் இருந்தபடியே இலங்கைக்காகச் செபித்துக்கொண்டிருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. 1687-ஆம் ஆண்டு ஏழையின் கோலத்தில் வந்து, கழுத்தில் செபமாலை அணிந்து, யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டு, மறைந்திருந்த விசுவாசிகளைத் தேடினார். தமிழும் சிங்களமும் கற்றார். கண்டியில் ஒற்றன் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். பின்பு அங்கே அம்மைநோய் பரவி, சொந்த வீட்டாரே நோயாளரைக் கைவிட்டபோது, அவர் அவர்களைத் தொட்டுப் பராமரித்தார். 1711-ஆம் ஆண்டு கண்டியிலேயே உயிர் நீத்தார். 2015-ஆம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அந்தச் செபமாலையைக் கண்டு கதவு திறந்த குடும்பங்களையும் நாம் மறக்கலாகாது. பிடிபட்டால் என்ன நேரும் என்று தெரிந்துகொண்டே அவர்கள் கதவைத் திறந்தார்கள்.

நாம் அத்தகைய வீரர் அல்லர் என்று சொல்லத் தோன்றலாம். வேறு சிலர், தாங்க முடியாத இழப்புகளால் மனம் புண்பட்டு, கடவுளிடமிருந்தே ஒதுங்கி நிற்கக்கூடும். இவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. ஆண்டவரும் இராயப்பரைக் கடிந்துகொள்ளவில்லை. திரும்பி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் அவரை அழ வைத்தது. அதுவே அவரை மீட்டது.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தோன்றியபோது படகு கரையிலிருந்து ஏறக்குறைய 200 முழ தூரத்தில் நின்றது. கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று கேட்டதும் இராயப்பர் கடலில் குதித்துவிட்டார். மற்றவர்கள் வலையை இழுத்துக்கொண்டு படகில் வந்து சேர்ந்தார்கள். படகில் வந்திருந்தால் அவரும் சிறிது நேரத்தில் கரை சேர்ந்திருப்பார். ஆனால் ஒருமுறை தூரத்தே நடந்து பட்ட துயரத்தை அறிந்தவர், அந்த 200 முழத்தையும் பொறுக்கவில்லை. கரையில் கரிநெருப்பு எரிந்துகொண்டிருந்தது. இம்முறை அதை மூட்டியவர் ஆண்டவர். குளிர்காய்ந்து மறுதலித்தவருக்கு, அந்த நெருப்பின் அருகிலேயே தம் ஆடுகளை மேய்க்கும் பணியை அவர் ஒப்படைத்தார்.

ஆகவே, அன்பர்களே, இந்தக் கிழமை நம் குடும்ப செபத்தின் பின் ஒருகணம் மௌனமாய் இருந்து, எனக்கும் ஆண்டவருக்கும் நடுவே இருக்கும் அந்த ஒன்று எது என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுப் பார்ப்போம். பேசாத சகோதரனானால், இன்றே அவன் படலையைத் தட்டுவோம். கேட்ட சீதனமானால், அதை வேண்டாம் என்போம். விறாந்தையில் நின்றவர்களானால், வரும் ஞாயிறு உள்ளே வருவோம். படகு கரை தட்டும்வரை காத்திருக்க வேண்டாம். ஆண்டவர் கரையில் நிற்கிறார்.