அழகு தரும் கடன்

தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து வில்லிங்டன் தீவில் கால்வைப்பவர், காயலைத் தூர்வாரிய மண்ணால் மனிதன் எழுப்பிய நிலத்தில் நடக்கிறார். ஆகவே இயற்கையை மாற்றுவதெல்லாம் அதர்மம் என்றாகாது. எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்பதே கேள்வி.

இதே கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழாவின் குறுக்கே நீர்மின் அணை கட்ட 1970-களில் திட்டமிடப்பட்டது. அது மலபாரின் வளர்ச்சிக்கு வேண்டும் என்றனர் ஒருசாரார். அறிஞர்கள் அக்காட்டின் அருமையை எடுத்துரைத்தனர். சுகதகுமாரி போன்ற கவிஞர்கள் அதைப் பாடினர். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது.

மரத்தின் அழகைப் பாடினால் இருண்ட வீட்டில் விளக்கெரியுமா? எரியாது. தராசில் வைக்க நாம் மறந்ததைக் கலை எடுத்து வைக்கிறது; அவ்வளவே. அதன்பின் செய்யவேண்டியது நம் பொறுப்பு.

சுகதகுமாரி பாட்டோடு நின்றுவிடவில்லை. அட்டப்பாடியில் வறண்டு கிடந்த மலைச்சரிவில் ‘கிருஷ்ணவனம்’ தழைக்க முன்னின்றார். அங்கே நிலமே கவிதையாயிற்று.

அணை வேண்டாம் என்பவருக்கு இரண்டு கடன்கள் உண்டு: காட்டைப் பேணுவது ஒன்று, விளக்கற்ற வீட்டிற்கு வேறு வழியில் ஒளி தேடித் தருவது மற்றொன்று. இரண்டாவதை மறந்தால், நம் அழகுணர்ச்சியும் ஒருவகைச் சுயநலமே அல்லவா?