பிள்ளையின் பெருமை யாருடையது?

பிள்ளைப்பேறு பெரும் பேறு என்பர் பெரியோர். அப்பேற்றின் இனிமையை ஊர் முழுவதும் கூடியிருந்து கண்டு மகிழும் இடம் ஆலய முன்றலாகும். திருவிழாக் காலங்களிலும், வாணி விழாவிலும், நாயன்மார் குருபூசைத் தினங்களிலும் அறநெறிப் பாடசாலைச் சிறார்கள் மேடையேறுகின்றார்கள். ஒரு சிறுமி பண்ணோடு தேவாரம் பாடுகின்றாள். ஒரு சிறுவன் சுவாமி விபுலாநந்தரைப் பற்றிப் பேசுகின்றான். சின்னஞ்சிறுசுகள் காவடி எடுத்து ஆடுகின்றார்கள். மேடைக்குக் கீழே இருக்கும் தாய் அதே பாடலை உதட்டளவில் பாடிக்கொண்டிருக்கின்றாள். பிள்ளை ஒரு சொல்லை மறந்து நின்றால் தாயின் மூச்சும் நின்றுவிடுகின்றது. பாடி முடித்துப் பரிசு வாங்கும்போது, வேலைக் களைப்போடு பின்வரிசையில் நிற்கும் தகப்பனின் கண் கலங்குகின்றது. அம்மம்மா பக்கத்தில் இருப்பவரிடம், “அது எங்கட பிள்ளை” என்று சொல்லிக் கொள்கின்றார்.

இந்த “எங்கட பிள்ளை” என்னும் சொல்லை மெய்யடியார்கள் சற்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டியவர்களாயுள்ளனர். நான், எனது என்னும் எண்ணமே உயிரைப் பற்றிய இருள் என்று சைவ சமயம் போதிக்கின்றது. அப்படியாயின் தன் பிள்ளையின் வெற்றியிலே பெற்றோர் கொள்ளும் பெருமிதம் அன்பா, ஆணவமா? பிள்ளை தன் திறமையை எண்ணி மகிழ்வது நியாயமா, செருக்கா? கிடைத்த வெற்றி உண்மையில் யாருக்கு உரியது?

வள்ளுவர் காட்டும் மகிழ்ச்சி

பிள்ளையால் வரும் மகிழ்ச்சியைத் திருவள்ளுவர் எங்கும் குறைத்துக் கூறவில்லை. மக்கட்பேறு என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். குழந்தையின் மழலையைக் கேட்டவர்க்குக் குழலும் யாழும் பெரிதாகத் தோன்றமாட்டா என்கின்றார். மகனைக் கற்றோர் அவையிலே முந்தியிருக்கச் செய்தல் தந்தையின் கடன் என்கின்றார். ஆகவே பிள்ளையை மேடையேற்றுவதும், அவன் முன்னுக்கு வரவேண்டும் என விரும்புவதும் குற்றமல்ல. அவை பெற்றோரின் கடமையே.

ஆயினும் தாய் எப்போது பெற்ற பொழுதிலும் பெரிதாக மகிழ்கின்றாள் என்று அவர் கூறுமிடத்தைக் கவனிக்க வேண்டும். மகன் முதலாம் இடம் பெற்றான் என்று கேட்ட போதன்று; சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்ட போது. சான்றோன் என்ற சொல்லில் அறிவும் அடக்கம், ஒழுக்கமும் அடக்கம். மேலும் அச்சொல்லைத் தாய் தானே சொல்லவில்லை, ஊரார் சொல்லக் கேட்கின்றாள். பிள்ளைகளின் அறிவு பெற்றோருக்கு இனிமை தருவதைக் காட்டிலும் உலகத்து உயிர்களுக்கெல்லாம் இனிமை தருவது என்று அதே அதிகாரத்தில் இன்னொரு குறள் கூறுகின்றது. வீட்டில் பிறந்த மகிழ்ச்சி ஊருக்குப் பயன்படும்போதே அது நிறைவு பெறுகின்றது.

சீர்காழியில் எழுந்த கேள்வி

சைவ உலகம் கண்ட குழந்தைச் சாதனையாளர்களுள் தலையாயவர் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார். அவர் மூன்று வயதில் முதற் பாடல் பாடிய வரலாற்றைச் சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்தில் விரித்துரைத்துள்ளார். தந்தையார் சிவபாதவிருதயர் குளத்தில் நீராடச் சென்றவேளை, கரையில் நின்ற குழந்தை அழுதது. உமையம்மையார் பொற்கிண்ணத்திலே ஞானப்பாலூட்டினார். திரும்பி வந்த தந்தை பிள்ளையின் வாயோரத்தில் பால் வழிவதைக் கண்டார். சிறு கோல் ஒன்றைக் கையிலெடுத்து, இந்தப் பாலைத் தந்தவர் யார், காட்டு என்று அதட்டினார். குழந்தை விரலை உயர்த்தி இறைவனைச் சுட்டிக்காட்டிப் பாடிற்று.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் உள்ளன. தந்தை, நீ என்ன சாதித்தாய் என்று கேட்கவில்லை. உனக்குத் தந்தவர் யார் என்று கேட்டார். பிள்ளையும் தன்னைக் காட்டவில்லை, தந்தவரைக் காட்டிற்று. தமிழிசை வரலாற்றின் மாபெரும் அரங்கேற்றம் ஒரு நன்றியறிதலாகவே தொடங்கியது. இன்று சான்றிதழும் கேடயமும் பெற்று வரும் பிள்ளையிடம் வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி, “எத்தினையாம் இடம்?” என்பதாக இருக்கின்றது. அதனுடன், “இதைச் சொல்லித் தந்தது யார்? அவரிடம் போய்ச் சொன்னாயா?” என்ற கேள்வியும் சேருமானால் அது சிவபாதவிருதயரின் கேள்வியாகும்.

அதன்பின் அத்தந்தை கோலைக் கீழே போட்டார். பிள்ளையைத் தோளில் சுமந்தார். தாயார் பகவதியார் பிறந்த ஊராகிய திருநனிபள்ளி மக்கள் பிள்ளையைக் காண விரும்பியபோது தோளிலே வைத்துக் கொண்டு சென்றார். பரிசு பெற்ற பிள்ளையை அம்மம்மா வீட்டுக்குக் கூட்டிச் சென்று காட்டும் ஆசை அன்றே இருந்தது. அந்த ஆசையைப் பெரியபுராணம் பழிக்கவில்லை, அழகாகப் பாடுகின்றது. கைகொட்டிப் பாடிய பிஞ்சுக் கைகளுக்காகத் திருக்கோலக்காவில் இறைவன் பொற்றாளம் அருளினார். பொன்னுக்கு வெண்கலத்தைப் போன்ற நாதம் இல்லை. அம்மையே அத்தாளத்துக்கு ஓசை கொடுத்தார் என்பதால் அங்கு அம்பிகைக்கு ஓசை கொடுத்த நாயகி எனப் பெயர் வழங்குகின்றது. பரிசு பொன்னாயினும் அதனை ஒலிக்கச் செய்வது அருளே.

தருமபுரத்தில் நடந்தது

சம்பந்தர் பாடப்பாட அதனை யாழில் இசைத்து வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். இருவரும் யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊராகிய தருமபுரத்தை அடைந்தனர். அங்கிருந்த உறவினர் தங்கள் பிள்ளையைக் கண்டு பூரித்தனர். அதுவரையில் பிழையில்லை. ஆனால் பூரிப்பு மிகுந்து, எங்கள் பிள்ளை யாழில் வாசிப்பதனாலேதான் சம்பந்தரின் பதிகம் உலகெங்கும் பரவுகின்றது என்று பேசிவிட்டனர். திருநனிபள்ளியும் தாய் பிறந்த ஊர், தருமபுரமும் தாய் பிறந்த ஊர். ஓரிடத்தில் மகிழ்ச்சி மகிழ்ச்சியாகவே நின்றது. மற்றோரிடத்தில் அது பிறர் பெருமையைக் குறைத்துத் தன் பெருமையை உயர்த்தும் பேச்சாயிற்று. அன்புக்கும் ஆணவத்துக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு இதுவே.

உறவினரின் சொல்லைக் கேட்டு வருந்தியவர் யாழ்ப்பாணரே. யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருள வேண்டும் என்று அவரே சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் பாடினார், யாழ் தோற்றது. யாழ்முரி என இன்றும் வழங்குவது அப்பதிகமே. இக்கருவியால் வந்த பழி இது என்று யாழை உடைக்க யாழ்ப்பாணர் ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கினார். இறைவன் திருவருட் பெருக்கெல்லாம் ஒரு கருவிக்குள் அடங்குமோ, இயன்ற அளவில் வாசியும் என்று சொல்லி அதனைத் திருப்பிக் கொடுத்தார். வென்றவர் தோற்றவரின் கையில் மீண்டும் கருவியைக் கொடுத்த அந்தக் கணம், பாடிய பதிகத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. போட்டியில் முதலிடம் பெறும் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டிய பாடம் இது.

கண்ணும் ஒளியும்

எல்லாம் அவன் செயல் என்றால் பிள்ளையின் உழைப்புக்கு மதிப்பு இல்லையா என்று சிலர் வினவுவர். இதற்குச் சைவசித்தாந்தம் எளிய உவமையால் விடை கூறுகின்றது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு. ஆயினும் கும்மிருட்டில் அதனால் ஒன்றையும் காண முடியாது. சூரிய ஒளி நிறைந்திருப்பினும் கண்ணை மூடிக்கொண்டவன் ஒன்றையும் காணான். கண்ணும் வேண்டும், ஒளியும் வேண்டும். அதுபோல உயிரின் முயற்சியும் உண்மை, இறைவனின் அருளும் உண்மை.

ஆகவே விடியற்காலையில் எழுந்து படித்த பிள்ளையிடம், நீ ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது பொய்யாகும். கண்ணூறு, நாவூறு பட்டுவிடும் என்று அஞ்சி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லாமல் விடும் பெற்றோரும் உளர். புகழவே படாத பிள்ளை வாடிவிடும். அதேவேளை, எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று பிள்ளை எண்ணுவதும் பொய்யே. விளக்கேற்றி வைத்த தாய், கூலிப்பணத்தில் கொப்பி வாங்கித் தந்த தகப்பன், பிழை திருத்திய ஆசிரியர், தம்பியைப் பார்த்துக் கொண்ட அக்கா என எத்தனை ஒளிகள் அந்தக் கண்ணுக்கு உதவின! தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் பொத்துவில் போன்ற ஊரில், சமயத்தால் வேறுபட்ட ஆசிரியரிடம் கணிதம் கற்று முன்னேறிய பிள்ளையும் உண்டு. கிழக்கிலங்கைக் கூத்து மரபிலே அண்ணாவியாரை வணங்கிய பின்பே கூத்தர் ஆடத் தொடங்குவர். ஆட்டம் ஆடுபவனுடையது, தாளம் தந்தவர் அண்ணாவியார் என்ற உண்மையை அவ்வணக்கம் சொல்லாமற் சொல்கின்றது.

காரைதீவில் பிறந்த மயில்வாகனம்

இதே கரையோரத்தில், பொத்துவிலுக்கு வடக்கே காரைதீவில், 1892ஆம் ஆண்டு சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு மகனாகப் பிறந்தவர் மயில்வாகனம். கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பில் கத்தோலிக்கப் பாடசாலையாகிய புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும், 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறினார். எந்தப் பெற்றோரும் பெருமை கொள்ளத்தக்க பெறுபேறுகள் இவை.

ஆயினும் அவர் இன்றும் போற்றப்படுவது அப்பெறுபேறுகளுக்காக மாத்திரமன்று. துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தரான பின்னர், கற்ற கல்வியை ஏழைப் பிள்ளைகளுக்கு வழங்கினார். 1929இல் கல்லடி உப்போடையில் அவர் தோற்றுவித்த பாடசாலைக்குத் தம் பெயரை வைக்கவில்லை. தமக்குத் துறவு அளித்த குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயம் என அது விளங்குகின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ் நூலை 1947 ஜூன் மாதத்தில், சம்பந்தர் பாடிய தலமாகிய திருக்கொள்ளம்பூதூரில் ஆலயத்திலே அரங்கேற்றினார். அடுத்த மாதமே, ஜூலை 19ஆம் திகதி, இவ்வுலக வாழ்வை நீத்தார். சீர்காழிப் பிள்ளையைப் போலவே காரைதீவுப் பிள்ளையும் தந்தவர் பக்கமே விரலை நீட்டினார்.

ஆலய மேடைகளில் சிறுவர்கள் விரும்பிப் பாடும் அவரது மலர்ப் பாடலின் கருத்தும் இதுவே. இறைவன் விரும்பும் மலர் எது என்று கேட்டு, உள்ளமாகிய தாமரை, கூப்பிய கையாகிய காந்தள், விழியாகிய நெய்தல் என்று அப்பாடல் விடை கூறுகின்றது. அதைப் பாடும் பிள்ளைக்கு முதலிடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அம்மூன்று மலர்களும் எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு.

பழம் கிடைக்காத பிள்ளை

ஆண்டுதோறும் தரம் ஐந்து புலமைப்பரிசில் பெறுபேறு வெளிவரும்போது ஊர்ச் சந்திகளில் பதாகைகள் எழுகின்றன. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படங்கள் அவற்றில் சிரிக்கின்றன. அது நல்லதே. ஏழைக் கிராமத்துப் பிள்ளையும் உயர வேண்டும் என்பதற்காகவே, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1945இல் இலவசக் கல்வி இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒரு புள்ளியால் தவறிய பத்து வயதுப் பிள்ளையும் அதே சந்தியால்தான் பாடசாலைக்குப் போகின்றது. அப்பிள்ளையை, “அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்” என்று சொல்லிக் குத்திக் காட்டும் வீடுகளும் உண்டு. பெற்றோரின் அன்பு புள்ளிக்குக் கிடைக்கும் கூலியாக மாறிவிட்டதோ என்று அப்பிள்ளை எண்ணும். அந்த எண்ணம் நெஞ்சில் ஏறிவிட்டால் எளிதில் இறங்காது.

மாம்பழக் கதையை எல்லோரும் அறிவர். மயிலேறி உலகைச் சுற்றி வந்த முருகப்பெருமானின் முயற்சி மெய்யானது. ஆயினும் பழம் அம்மையப்பரை வலம் வந்த பிள்ளையாருக்குக் கிடைத்தது. கோபித்துக் குன்றேறிய முருகனிடம் அம்மையும் அப்பனும் தாமே தேடிச் சென்றனர். பழம் உனக்கு எதற்கு, பழமே நீதான் என்றனர். அதனால் அவ்வூர் பழனி ஆயிற்று என்பர். வென்ற பிள்ளையிடம் ஊரே வரும். தவறிய பிள்ளையிடம் பெற்றோர்தாம் போக வேண்டும். சிவபெருமானே போனார் என்றால் மானிடர் போகத் தயங்கலாமா?

ஆலயங்களும் இதனை மனத்திற் கொள்ளல் நன்று. பரிசளிப்பு விழாவிலே வென்ற பிள்ளையோடு கற்பித்த ஆசிரியரையும் மேடைக்கு அழைக்கலாம். பங்குபற்றிய ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவாமியின் பிரசாதத்தை ஒரே கையால் வழங்கலாம். பரிசு பெற்ற பிள்ளை அடுத்த ஆண்டில் சிறியவர்களுக்கு அத்தேவாரத்தைச் சொல்லிக் கொடுக்கும்படி செய்யலாம். அவ்வாறு செய்யும் ஊரிலே ஒரு பிள்ளையின் பெருமை எல்லோருடைய பெருமையாகும். அங்கே “எங்கட பிள்ளை” என்று சொல்லும் உரிமை ஊராருக்கும் உண்டு.

ஆண்டுதோறும் பொத்துவில் வழியாக உகந்தைக்கும் அங்கிருந்து கதிர்காமத்துக்கும் அடியார்கள் கால்நடையாகச் செல்கின்றார்கள். காட்டு வழியில் களைத்த குழந்தையைத் தகப்பன் தோளில் தூக்கிக் கொள்கின்றார். அந்த யாத்திரையில் முதலாம் இடம் இல்லை. முன்னே போனவரும் பின்னே வந்தவரும் ஒரே அரோகரா ஒலியில் கலக்கின்றனர். வென்றாலும் தவறினாலும் தோளில் ஏற்றிக்கொள்ளும் பெற்றோரையும், எதைப் பெற்றாலும் தந்தவரைச் சுட்டும் பிள்ளைகளையும் எல்லாம் வல்ல முருகப்பெருமான் இவ்வூருக்கு என்றும் அருள்வாராக.

மேன்மைகொள் சைவநெறி தழைத்து, பிள்ளைகள் நீடூழி வாழ்க!