நிந்தனை எது?

அய்யா துணை



நிந்தை, நிந்தனை, நிந்தித்தல் எல்லாம் வடமொழி வழி வந்த சொற்கள். இகழ்தல், பழித்தல் என்பதே பொருள். தெய்வத்தை இகழ்ந்தால் தெய்வ நிந்தனை; குருவை இகழ்ந்தால் குரு நிந்தனை.

இகழ்வதுபோலப் புகழும் பாட்டும் உண்டு. அதற்கு நிந்தாஸ்துதி என்று பெயர். அங்கே வாய் இகழ்கிறது, மனம் வணங்குகிறது. அதனால் அது நிந்தனை ஆகாது. இதைத் திருப்பிப் பாருங்கள். வாய் வணங்கி, மனம் இகழ்ந்தால் அதற்கு என்ன பெயர்? அதுவே பெரிய நிந்தனை.

அன்றைய திருவிதாங்கூரில் கோயில்களில் பூசை நடக்காமல் இல்லை. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்கள் அந்தக் கோயில் தெருவில்கூட நடக்கக்கூடாது. ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது. தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. சாமிக்குப் பூ, சாமி படைத்த மனிதனுக்கு அடி! இதைவிட நிந்தனை உண்டா?

கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-ல் அவதரித்த அய்யா வைகுண்டர் இதைத்தான் மாற்றினார். தலைப்பாகை கட்டி வந்து வணங்கச் சொன்னார். தொட்டால் தீட்டு என்ற நாட்டில், நெற்றியைத் தொட்டு நாமம் சாற்றும் முறை வந்தது. பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. அதன் முன் நிற்பவர் தம் உருவத்தைப் பார்க்கிறார்; பக்கத்தில் நிற்பவரின் உருவமும் அதே கண்ணாடியில்தான் தெரிகிறது. அவரை இகழ்ந்துவிட்டு அய்யாவை எப்படி வணங்குவது?

நிழல்தாங்கலுக்குப் புதிதாக வருபவருக்குத் தலைப்பாகை கட்டத் தெரியாமல் இருக்கலாம். உச்சிப்படிப்பு நேரத்தில் குழந்தை ஓடலாம். ஏடு வாசிப்பவர் ஒரு சொல்லில் தடுமாறலாம். இவை பிழைகள்; பக்கத்தில் போய் மெல்லச் சொல்லிக்கொடுத்தால் சரியாகும். அறியாமல் செய்வது பிழை, அறிந்து இகழ்வதே நிந்தனை. தடுமாறியவரைப் பார்த்துச் சிரிப்பதும், அன்னதர்மப் பந்தியில் கந்தல் உடுத்தவரை "அப்புறம் வா" என்று விரட்டுவதும், பிறர் கும்பிடும் கோயிலைப் பழிப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

அய்யாவை ஏளனம் செய்தார்கள், சிறையில் அடைத்தார்கள். அவர் பொறுமையையே போதித்தார். அவர் பிள்ளைகள் நாவிலும் அந்தப் பொறுமை இருக்கட்டும்.

அய்யா உண்டு.