முற்றத்துப் பாட்டும் கூடத்துப் பாட்டும்

ஓவியக் கூடங்களில் மாலை வேளையில் இசையும் கூத்தும் நிகழ்த்துவது இன்று நகரங்களில் வழக்கமாகிவிட்டது. கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே விருந்து என்று பலரும் மகிழ்கின்றனர். மகிழட்டும். ஆயினும், அங்கே பாட்டு கேட்கப்படுகிறதா, பார்க்கப்படுகிறதா என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

கானாடுகாத்தானை அறிந்தவர்களுக்கு இவ்வினாவின் கனம் விளங்கும். செட்டிநாட்டு வீட்டின் முகப்பைக் கடந்தால் வளவு. நடுவே வானம் பார்த்த முற்றம். பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கற்களும் வெறும் காட்சிக்காக அமைந்தவையல்ல. அங்கே திருமணத்தன்று நாகசுவரம் ஒலித்தது, ஆச்சிமார் தாலாட்டினர், உயிர் பிரிந்தபோது ஒப்பாரி எழுந்தது. கேட்டவர்கள் இரசிகர்கள் அல்லர், உறவினர்கள்.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானபின் அச்செல்வம் சரிந்தது. எத்தனையோ வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. செட்டிநாட்டு வீடொன்று பெயர்த்தெடுக்கப்பட்டு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் மீண்டும் எழுப்பப்பட்டது. அவ்வளாகத்தில் ஓவியக் கூடமும் உண்டு. கிராமியக் கலைஞர்கள் ஆடுவதும் பாடுவதும் உண்டு. அழிந்திருக்க வேண்டிய வீடு பிழைத்தது. அதில் நமக்குக் குறையில்லை.

இடம் மாறுவதே பிழை என்பாரும் உளர். அது பொருந்தாது. கானாடுகாத்தானில் 1881-இல் பிறந்த அண்ணாமலை அரசரே இசையை இடம் பெயர்த்தவர்தாம். 1943-இல் அவர் நிறுவிய தமிழ் இசைச் சங்கத்தின் மேடையில், கோயிலில் ஓதுவார் பாடிய பண்கள் ஆராய்ச்சிக்கும் அரங்கத்துக்கும் உரியவையாயின. கோயில் வாத்தியமான நாகசுவரத்தையே வாழ்வாகக் கொண்டு திருவரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானாவை எவ்விடத்தவர் என்பது?

மேலும், பழைய முற்றம் அப்படியொன்றும் சமத்துவம் கண்ட இடமன்று. நாகசுவரக் கலைஞர் பெருந்தனக்காரர் முன்னிலையில் மேலாடையின்றி நின்றே வாசித்த காலம் அது. அவ்வழக்கத்தோடு திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இன்றைய கூடமோ கலைஞருக்கு ஓர் ஆசனமேனும் தருகிறது. இதை மறைத்துவிட்டுப் பழமையைப் போற்றுவது நேர்மையாகாது.

அப்படியாயின் இழந்தது எது? ஒப்பாரியையே எடுத்துக்கொள்வோம். இழவு வீட்டில் அதைக் கேட்டவனுக்கு ஒரு கடமை பிறந்தது: தோள் கொடுக்க வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மறுநாளும் வந்து உட்கார வேண்டும். கூடத்தில் இறந்தவர் எவருமில்லை. பாடி முடித்ததும் கைதட்டுகிறோம். கண்ணீர் வந்திருக்கலாம், அது பொய்யுமன்று. ஆனால் அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை. கடமையை உதறிவிட்டுச் சுவையை மட்டும் வைத்துக்கொண்டோம். நுழைவுச் சீட்டின் விலை அக்கடமையின் ஒரு பங்கைத் தீர்க்கிறது என்பேன். பாடுபவரும் உண்ண வேண்டுமல்லவா? மீதிப் பங்கு தீரவில்லை.

ஓவியத்தின் அடியில் வரைந்தவர் பெயரும் ஆண்டும் தவறாமல் எழுதி வைக்கிறார்கள். ஒப்பாரி பாடும் மூதாட்டி அதை எந்த ஊரில், யாரிடம் கற்றாள், யாருக்காக முதலில் அழுதாள் என்று அழைப்பிதழில் இரண்டு வரி அச்சிட இடமில்லாமலா போயிற்று?